பத்து நாள் விடுப்பில் மொரோக்கோ: பழைய நகரம், மணல், மலை

சனிக்கிழமை காலையில் கிளேடாங் மலை ஏறி இறங்கிவிட்டு, சுங்கை சிப்புட்டுக்கு வந்து ரொட்டி சானாய்க்கு உட்கார்ந்தால், இப்போதெல்லாம் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்: "அண்ணே, மொரோக்கோவுக்கு எப்படிப் போனீங்க? ஏஜென்டுக்கு எவ்வளவு கட்டினீங்க?" ஏஜென்ட் வைக்கவில்லை. நான், என் மனைவி, மச்சான், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் என நான்கு பேர் போனோம். நால்வரில் மூவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். யாருக்கும் பிரெஞ்சும் தெரியாது, அரபும் தெரியாது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனதால் இங்கே எழுதி வைக்கிறேன். பாஸ்போர்ட் கூட இன்னும் எடுக்காதவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஏன் அந்த நாடு என்பதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆயிரம் ஆண்டுப் பழைய நகரம், சஹாரா மணல்மேடு, 4,000 மீட்டருக்கு மேல் ஒரு மலை மூன்றும் ஒரே நாட்டில், தரைவழியாகவே போய்ச் சேரும் தூரத்தில் இருக்கின்றன. மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. ஜோர்டானில் பெத்ரா என்ற பழைய நகரமும் வாடி ரம் பாலைவனமும் உண்டு, ஆனால் அங்கே மிக உயர்ந்த மலையே 1,854 மீட்டர்தான். ராஜஸ்தானையும் இமயமலையையும் சேர்க்கலாம், ஆனால் நடுவில் ஒரு விமானமோ நீண்ட ரயில் பயணமோ வேண்டும்.

முதலில் மணிக்கணக்கு

புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்க்கவேண்டிய இடங்களை எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். இருபத்திரண்டு இடம் வந்தது. பிறகு அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறொரு தாளில் சாலை மணி நேரத்தை மட்டும் எழுதியபோதுதான் பயணம் உருவமெடுத்தது. நீங்கள் நேராக இரண்டாவது தாளிலிருந்து தொடங்குங்கள்.

காசாபிளாங்காவிலிருந்து ஃபெஸ் நகரத்துக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஃபெஸ்ஸிலிருந்து மணல்மேடுகள் இருக்கும் மெர்சூகாவுக்கு சுமார் 460 கிலோமீட்டர், நின்று நின்று போனால் ஒன்பது மணி நேரம். மெர்சூகாவிலிருந்து மராகேஷ் 560 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து ஜொகூர் பாரு போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே நம் பிளஸ் நெடுஞ்சாலை கிடையாது; மலைக் கணவாய் வளைவுகள் இருக்கின்றன. ஒரே மூச்சில் போனால் பேருந்தில் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மராகேஷிலிருந்து மலையடிவாரமான இம்லில் ஊருக்கு 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்.

இந்த நான்கு கணக்கையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விதி போட்டுக்கொண்டோம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காரும் நாளில் வேறு எதையும் திட்டமிடக் கூடாது. வழியில் எதைப் பார்த்தாலும் அது வரவு. இந்த விதியைப் போட்டதும் இருபத்திரண்டு இடங்களில் பாதிக்கு மேல் தானாகவே விழுந்துவிட்டன. நீல நிறச் சுவர்களுக்குப் பேர்போன ஷெஃப்ஷாவுன் விழுந்தபோது என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அது வடக்கில் ஒரு மூலையில் இருக்கிறது, போய்வர இரண்டு நாள் போய்விடும்.

மிஞ்சியதை நாள்வாரியாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு விமானம். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய், இஸ்தான்புல் இவற்றில் ஒன்றில் மாற வேண்டும். சனிக்கிழமை காசாபிளாங்காவில் இறங்கி, விமான நிலையத்திலேயே ரயில் பிடித்து நேராக ஃபெஸ். ஞாயிறு ஃபெஸ். திங்கள் மெக்னெஸ் நகரமும் வோலுபிலிஸ் என்ற ரோமானிய இடிபாடும். செவ்வாய் மெர்சூகா. புதன் பகல் அங்கேயே ஓய்வு, இரவு மணல்மேட்டுக் கூடாரம். வியாழன் தோத்ரா பள்ளத்தாக்கு வரை வந்து தங்கல். வெள்ளி ஐத் பென் ஹத்து மண்கோட்டை வழியாக மராகேஷ். சனி மராகேஷ். ஞாயிறு இம்லில். திங்கள் மலைவிடுதி. செவ்வாய் உச்சி ஏறி இறங்கல். புதனை வெறுமனே விட்டுவைத்தோம். வியாழன் திரும்பும் விமானம். வெள்ளிக்கிழமை வீடு, சனி ஞாயிறு துணி துவைத்துத் தூங்க. மொத்தம் பத்து வேலை நாள் விடுப்பு.

அந்த வெறும் புதன்கிழமையைப் பார்த்து, "அன்னிக்கு எசாவுய்ரா கடற்கரைக்குப் போயிட்டு வரலாமே" என்று மச்சான் கேட்டார். தொடக்கூடாது. மலையில் காற்று அடித்தாலோ ஒருவருக்கு வயிறு கெட்டாலோ, ஒரு நாள் தள்ளிப் போடுவதற்கு இருக்கும் ஒரே இடம் அதுதான்.

வரிசையையும் மாற்றாதீர்கள். மராகேஷில் இறங்கியதும் மலை ஏறிவிட்டு அப்புறம் நிம்மதியாகச் சுற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். ரமலான் மாதத்தில் மட்டும் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பதால் எட்டு. தூக்கம் சரியாகவே நான்கு நாள் ஆகும். அந்த உடம்போடு 4,000 மீட்டர் வேண்டாம். ஃபெஸ்ஸின் ஏற்ற இறக்கச் சந்துகள் காலைப் பழக்கும், மணல் இன்னும் கொஞ்சம் பழக்கும். அதோடு, மலை இறங்கிய முட்டியோடு ஒட்டகத்தில் ஏறி உட்கார்வதை நினைத்துப் பாருங்கள்.

எந்த மாதம்

மே மாதம், அல்லது செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் பாலைவனம் 40 பாகையைத் தாண்டும். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மேல்மலையில் பனியும் ஐஸும் இருக்கும். காலணியில் முள்தகடு கட்டி, பனிக்கோடாரி பிடித்து ஏறவேண்டிய மலை அப்போது. பனியையே பார்த்திராத நமக்கு முதல் தடவையே அது தேவையில்லை. நாங்கள் தீபாவளிக்கு முன் அக்டோபரில் போனோம். ரமலானில் போகலாம், ஆனால் பகலில் சின்ன ஊர்களில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்காது, பேருந்து நேரமும் மாறும்.

காகிதமும் காசும்

கடப்பிதழ் திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். புதிதாக எடுக்க 200 ரிங்கிட், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதி. விசா விதியை டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை தூதரக அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் காப்பிக்கடைப் பேச்சை நம்பக் கூடாது, என் பேச்சையும் சேர்த்துத்தான்.

அங்கே நாணயம் திர்ஹாம். அது அந்நாட்டுக்கு வெளியே புழங்காத பணம், ஈப்போ பணமாற்றுக் கடையில் தேடி அலையாதீர்கள். யூரோவோ டாலரோ கொண்டுபோய் காசாபிளாங்கா விமான நிலையத்தில் கொஞ்சம், நகரத்தில் மீதி என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு ரிங்கிட்டுக்கு இரண்டு திர்ஹாமுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். பெரிய நோட்டை ரயில் நிலையத்திலேயே உடைத்துச் சில்லறையாக்குங்கள். கழிவறை, கழுதை வண்டிக்காரர், பெட்டி தூக்கும் பையன் எல்லாருக்கும் சில்லறைதான்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரையிலான மலை நடை அடங்கும் என்று இருக்கும். சில காப்புறுதிகள் 3,000 மீட்டரிலேயே நின்றுவிடும். முகவர் "எல்லாம் கவர் ஆகும்" என்றால், எழுத்தில் கேளுங்கள்.

ட்ரோன் வைத்திருக்கும் தம்பிமார்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சுங்கத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். நம் மூன்று முனை பிளக்கும் அங்கே உதவாது. இரண்டு உருண்டை முனை உள்ள மாற்றுப் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முன்பே கால்

வட ஆப்பிரிக்காவிலேயே உயரமான மலை துப்கால், 4,167 மீட்டர். நம் கினபாலு 4,095. வித்தியாசம் 72 மீட்டர்தான். கினபாலு ஏறியவருக்கு இது புதிதல்ல: முதல் நாள் 3,200 மீட்டரை ஒட்டிய விடுதி, மறுநாள் விடியுமுன் உச்சி, அன்றே அடிவாரம். அதே கணக்குத்தான். ஏறாதவர்கள் முதலில் கினபாலுவுக்குப் போய்வாருங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் மூன்று மாதப் பயிற்சி இல்லாமல் போகாதீர்கள்.

எங்கள் பயிற்சி இதுதான். முதல் மாதம் வாரம் இரண்டு முறை கிளேடாங். 808 மீட்டர், மேலே வரை தார்ச்சாலை, சும்மா ஏறி இறங்கினால் போதும். இரண்டாம் மாதம் முதுகில் ஆறு கிலோ. ஐந்து கிலோ அரிசி மூட்டையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டோம். மூன்றாம் மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து. முதல் நாள் வலித்த காலோடு இரண்டாம் நாள் நடக்கப் பழகுவதுதான் இதில் உண்மையான பாடம். கொர்பு மலை பக்கத்திலேயே இருக்கிறதே, 2,183 மீட்டராயிற்றே என்று இளைஞர்கள் கேட்கலாம். நல்ல மலைதான், ஆனால் அது வேரும் சேறும் பிடித்து ஏறுகிற காடு. துப்காலில் மரமே இல்லை; காலடியில் சறுக்கும் சரளைக் கல், முகத்தில் காய்ந்த காற்று. சரளையில் இறங்கிப் பழக வேண்டுமென்றால் கற்கள் கொட்டிக் கிடக்கும் ஏதாவதொரு மேடு போதும்.

சப்பாத்து விஷயத்தில் நம் ஆட்கள் பிடிவாதக்காரர்கள். கம்போங் அடிடாஸ் என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து நம் காட்டுக்கு ராஜா. பால்மரம் வெட்டியவர்கள் அதிலேயே காலத்தைக் கழித்தார்கள். ஆனால் அதற்குள் குளிர் அப்படியே இறங்கும், கணுக்காலுக்குப் பிடிப்பும் இல்லை. கணுக்காலை மூடும் மலைச் சப்பாத்து வாங்கி, அந்த மூன்று மாதமும் அதிலேயே நடந்து பழக்குங்கள். புதுச் சப்பாத்தை விமானத்தில் போட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் குழுவில் ஒருவர் உண்டு. பெயர் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

குளிருக்கு: உடம்போடு ஒட்டும் மெல்லிய உள்சட்டை, நடுவில் கம்பளிச் சட்டை, வெளியே காற்று புகாத மேலங்கி. கையுறை, காதை மூடும் தொப்பி, நெற்றி விளக்கு, இரண்டு ஊன்றுகோல். நெற்றி விளக்கைக் கட்டிப் பார்த்தபோது ஆசிரியை அம்மா சிரித்துவிட்டார். அவருடைய அம்மா விடியுமுன் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்விட்டு, இதே மாதிரி தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குள் போனவர்.

நம் ஊரில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரட்டைச் சோதனை: பாலைவன வெயிலில் அது சூடாகக் கூடாது, மலை இரவில் உறையக் கூடாது. பகலில் வெப்பம் தாங்கும் சிறு பை, இரவில் தூங்கும்போது உடம்போடு ஒட்டி உள்பை.

ஃபெஸ்: தொலைந்துபோவதற்கான முறை

ஃபெஸ்ஸின் பழைய நகரத்துக்குள் வாகனமே கிடையாது. கழுதையும் கோவேறு கழுதையும்தான் லாரி. பின்னாலிருந்து "பாலக்!" என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், முட்டை அடுக்கோ எரிவாயுத் தோம்போ உங்கள் தோளை உரசிக்கொண்டு போகும். கைப்பேசி வரைபடம் இந்தச் சந்துகளில் குழம்பும். அதற்குப் பதில் இதை நினைவில் வையுங்கள்: நகரம் ஒரு கிண்ணம் மாதிரி. மேலே பூ ஜெலூத் என்ற நீல வாசல். அங்கிருந்து தலா கெபீரா, தலா ஸ்கீரா என்று இரண்டு பெரிய சந்துகள் கீழே இறங்குகின்றன. தொலைந்துவிட்டால், கீழே இறங்கினால் கராவியீன் பள்ளிவாசல் பக்கம், மேலே ஏறினால் நீல வாசல். நாங்கள் மூன்று நாளில் ஒன்பது முறை தொலைந்து ஒன்பது முறையும் இப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

"அந்தப் பக்கம் மூடியிருக்கு, இந்தப் பக்கம் வாங்க" என்று வரும் பையன்களை நம்பாதீர்கள். எதுவும் மூடியிருக்காது. முதல் நாள் அரை நாளுக்கு மட்டும் உரிமச் சீட்டை மாட்டியிருக்கும் வழிகாட்டி ஒருவரைத் தங்குமிடம் மூலமாகப் பிடித்துக்கொண்டால், மறுநாள் தனியாகச் சுற்றலாம்.

கராவியீன் 859-இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணியால் தொடங்கப்பட்டதாகச் சொல்வார்கள். அந்நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசல்களுக்குள் போக முடியாது; காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசலை மட்டும் வழிகாட்டியோடு பார்க்கலாம். வாசலில் நின்று பார்த்துவிட்டு மதரஸாக்களுக்குப் போங்கள், அவை எல்லாருக்கும் திறந்திருக்கும். நீல வாசலை ஒட்டியுள்ள பூ இனானியா மதரஸாவில் நான் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணம் உண்டு. அதைக் கட்டிய சுல்தான் அபூ இனான்தான் உலகம் சுற்றிய இப்னு பதூதாவை அழைத்து, சுற்றிய கதையெல்லாம் சொல்லச் சொல்லி எழுதவைத்தவர். தாஞ்சியரில் 1304-இல் பிறந்த அந்த மனிதர் நடந்தும் கப்பலிலும் மதுரை வரை வந்தார். மதுரை சுல்தானின் மனைவியும் அவர் மனைவியும் அக்காள் தங்கை. மதுரையில் கொள்ளைநோயில் ஆட்கள் செத்துவிழுவதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். நமக்கு இரண்டு விமானம் மாறுவது கஷ்டமாக இருக்கிறது.

தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்க, பக்கத்துத் தோல்கடை மாடிக்குத்தான் ஏற வேண்டும். மூக்கில் வைத்துக்கொள்ள ஒரு கொத்துப் புதினா கொடுப்பார்கள். தோலை மென்மையாக்கப் புறா எச்சம் சேர்க்கிறார்கள், நாற்றம் அதனால்தான். ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பால் மூட்டை பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதினா தேவைப்படாது. எதுவும் வாங்காமல் இறங்கினால் ஒரு சிறு தொகை கொடுப்பது வழக்கம்.

மெக்னெஸ்ஸையும் வோலுபிலிஸையும் ஒரு நாளில் முடிக்கலாம். ரயிலில் மெக்னெஸ், அங்கிருந்து வாடகை டாக்சி. வோலுபிலிஸில் நிழலே இல்லை, காலையிலேயே போங்கள்.

டாக்சி இரண்டு வகை. நகரத்துக்குள் ஓடும் சின்ன டாக்சியில் மூன்று பேர்தான் ஏறலாம், மீட்டர் போடச் சொல்லுங்கள். ஃபெஸ்ஸில் சிவப்பு நிறம். ஊர்விட்டு ஊர் போவது பெரிய டாக்சி, ஆறு பேர் சேர்ந்ததும் கிளம்பும். நாங்கள் நால்வராக இருந்து ஆறு இடத்துக்கும் காசு கொடுத்துவிடுவோம்.

மொழியைப் பற்றிப் பயப்படாதீர்கள். மலாய் தெரிந்த நமக்கு அரபுச் சொற்கள் ஏற்கெனவே பாதி தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. இஸ்னின், செலாசா, ரபு, காமிஸ், ஜுமாட், சப்து, அஹாட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. சந்தை எந்தக் கிழமை என்று கேட்டு அவர்கள் சொன்ன பதில் என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. சோப்புக்கும் அதே சபுன்தான்.

மணல்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மராகேஷில் "இரண்டு நாள் சஹாரா" என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் ஸகோரா வரைதான் போகும். அங்கே மணல்மேடுகள் சிறியவை. "அரை நாள் பாலைவனம்" என்றால் அகஃபாய், அது கல்லும் மண்ணுமான பொட்டல். சுவரொட்டியில் பார்க்கும் ஆரஞ்சு நிற மணல்மலை வேண்டுமென்றால் மெர்சூகாவின் எர்க் ஷெப்பி, அல்லது ம்ஹமீத் ஊருக்கு அப்பால் எர்க் ஷிகாகா. ஷிகாகாவுக்கு நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும், செலவு கூடும். முதல் தடவைக்கு மெர்சூகா போதும். அங்கே மேடுகள் 150 மீட்டர் வரை எழுகின்றன.

ஃபெஸ்ஸிலிருந்து மெர்சூகாவுக்கு இரவுப் பேருந்தும் உண்டு. நாங்கள் ஓட்டுநரோடு கார் எடுத்துப் பகலில் போனோம், நான்கு பேருக்குப் பிரித்தால் தாங்கக்கூடிய செலவுதான். பகல் பயணத்தைத்தான் நான் சொல்வேன். ஒரே நாளில் அஸ்ரூவின் தேவதாருக் காடும் குரங்குகளும், இஃப்ரான் என்ற குளிர் ஊரும் (1935-இல் மைனஸ் 23.9 பாகை பதிவான இடம்), ஸிஸ் பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்பும் கடந்துபோகின்றன. செம்பனையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்தப் பேரீச்சந்தோப்பு வித்தியாசமாகத்தான் இருந்தது. மலைகளுக்கு நடுவில் பச்சை ஆறு மாதிரி நெளிந்து போகிறது.

முதல் இரவு ஊருக்குள் தங்குங்கள், இரண்டாம் இரவு மணலுக்குள். கூடாரம் பதிவு செய்யும்போது கேட்கவேண்டியவை: கழிவறை கூடாரத்துக்குள்ளா பொதுவா, போர்வை எத்தனை, இரவுச் சாப்பாடு அடங்குமா, ஒட்டகமா வண்டியா. ஒட்டகச் சவாரி ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், அதனால் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்புவலிக்காரர்கள் வெட்கப்படாமல் வண்டியில் போகலாம். ஆசிரியை அம்மா அப்படித்தான் போனார். எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசியை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். காலையில் சப்பாத்தைத் தட்டிவிட்டுக் காலை நுழையுங்கள். இரவு குளிரும், அக்டோபரிலேயே கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. சூரியோதயத்துக்கு மேடு ஏறுகிறவர்கள் முகட்டின் விளிம்பிலேயே நடக்க வேண்டும். சரிவில் ஏறினால் இரண்டு அடி வைத்தால் ஓர் அடி கீழே போகும்.

மெர்சூகாவுக்குப் பக்கத்தில் கம்லியா என்று ஒரு சிறு ஊர். சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாக மணலைக் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். க்னாவா இசை அவர்களுடையது. 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இரும்புத் தாளங்களைத் தட்டிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். நம் தோட்டத்துக் கோவில் திருவிழாவின் உடுக்கை எனக்கு நினைவுக்கு வந்தது. கப்பலேறி வந்த நம் தாத்தாக்கள் கதையும் அவர்கள் கதையும் ஒன்றல்ல. இருந்தாலும் நாங்கள் நால்வரும் கொஞ்ச நேரம் பேசாமல்தான் வண்டியில் ஏறினோம்.

திரும்பும் வழியில் தோத்ராவில், 300 மீட்டர் உயரப் பாறைச் சுவர்களுக்கு நடுவில் காலை நடை நல்லது. ஐத் பென் ஹத்துவில் இரண்டு மணி நேரம் போதும். அதற்குப் பிறகு 2,260 மீட்டரில் திஷ்கா கணவாய், கேமரன் மலைச் சாலையில் வாந்தியெடுப்பவர்கள் முன்பே மாத்திரை போட்டுவிடுங்கள்.

சாப்பாடு

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க: அங்கே மாட்டிறைச்சிக்கு "பெக்ரி" என்பார்கள். இந்திப் படம் பார்த்த பழக்கத்தில் பக்ரி என்றால் ஆடு என்று நினைத்து மச்சான் தலையாட்டிவிட்டார். தட்டு வந்து, நான் கேட்டு உறுதிசெய்த பிறகு தள்ளிவைத்தார். ஆட்டுக்கு "கன்மி", கோழிக்கு "தஜாஜ்". இறைச்சியே வேண்டாமென்றால் "பிலா லஹம்". மண்சட்டியில் வேகவைத்த காய்கறித் தஜீன், கத்தரிக்காய் ஸாலூக், பருப்புக் கூட்டு மாதிரியான அதஸ், காலையில் பிஸாரா என்ற அவரைக்கஞ்சி எல்லாம் சைவர்களைக் காப்பாற்றும். ஹரீரா சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பசியாற மிசெம்மன் கேளுங்கள்: சதுரமாக மடித்துச் சுட்ட ரொட்டி சானாய், சாம்பாருக்குப் பதில் தேன். ஏழாம் நாள் ஏக்கத்துக்கு ஒரு சின்னப் போத்தல் ஊறுகாய் போதும்.

மலை

மராகேஷைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தை மாலையில் மாடிக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். பாம்பாட்டியைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். கையைப் பிடித்து மருதாணி போட வரும் பெண்களிடம் கையைக் கொடுக்காதீர்கள். கறுப்பு மருதாணியில் கலக்கும் சாயம் தோலைப் புண்ணாக்கும். ஒரு நாளுக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

இம்லில் 1,740 மீட்டரில் வால்நட் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஞாயிறு மதியமே போய் அங்கே ஓர் இரவு தூங்குங்கள். மராகேஷிலிருந்து அன்றே விடுதிவரை ஏறும் இரண்டு நாள் திட்டத்தைத்தான் பலர் விற்கிறார்கள். அந்த ஒரு கூடுதல் இரவுதான் தலைவலிக்கும் தலைவலி இல்லாமைக்கும் நடுவில் நிற்பது. 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி 6.8 அளவு நிலநடுக்கம் தாக்கியது இந்த மலைப் பகுதியைத்தான். ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்தார்கள். ஊர்க்காரர் வீட்டு விடுதியில் தங்கி, ஊர்க்காரரையே வழிகாட்டியாக வைத்தால் காசு அங்கேயே தங்கும்.

வழிகாட்டி உங்கள் விருப்பம் இல்லை, கட்டாயம். 2018 டிசம்பரில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் அங்கே கொல்லப்பட்ட பிறகு வந்த விதி. வழியில் காவல் சாவடிகளில் கடப்பிதழைப் பார்ப்பார்கள், அசலைக் கையில் வைத்திருங்கள். பையைக் கோவேறு கழுதை சுமக்கும். இரண்டு மூன்று பேருக்கு ஒன்று போதும். பேசும்போது வழிகாட்டிக்கு, கழுதைக்காரருக்கு, விடுதிக்கு, சாப்பாட்டுக்கு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் முழுதும் கேட்பவரை விட்டு விலகுங்கள்.

திங்கள் காலை ஆரும்த் ஊர் வழியாக, ஸிதி ஷம்ஹரூஷ் என்ற வெள்ளைப் பாறைத் தலத்தைத் தாண்டி, 3,207 மீட்டர் விடுதிக்கு ஐந்தாறு மணி நேரம். மெதுவாக, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். விடுதியில் அடுக்குப் பலகைப் படுக்கை, நாற்பது பேர் குறட்டை. காதடைப்பான் கொண்டு போங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

மறுநாள் நான்கரை மணிக்கு விளக்கோடு கிளம்பி, மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சி. சரளைச் சரிவுதான் கடினம், உயரம் ஏற ஏற இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினோம். தலைவலி லேசாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். வாந்தி, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும், மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. மச்சானுக்கு விடுதியிலேயே தலை பிளந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று இழுத்தார். கழுதைக்காரரோடு காலையிலேயே இறக்கி அனுப்பிவிட்டோம். இம்லில் வந்து பார்த்தால் ஆளுக்கு முன்னால் ஒரு முழுக்கோழித் தஜீன்.

உச்சியில் ஓர் இரும்புக் கூம்பு. காற்று நிற்கவிடவில்லை, படம் எடுத்துப் பத்து நிமிடத்தில் இறங்கினோம். இறக்கம் இம்லில் வரை கிட்டத்தட்ட 2,400 மீட்டர், அதுதான் முட்டியைச் சாப்பிடும். ஊன்றுகோல் இரண்டும் வேண்டும். முடியாதென்று தோன்றினால் விடுதியிலேயே இன்னோர் இரவு தங்கலாம், அதற்கும் அந்தப் புதன்கிழமை இருக்கிறது. உச்சி வேண்டாம், மலைக்காற்று போதும் என்பவர்கள் இம்லிலிலிருந்து ஏறத்தாழ 2,500 மீட்டரில் உள்ள திஸி ம்ஸிக் கணவாய்க்கு ஒரே நாளில் போய்வரலாம். ஆசிரியை அம்மா தனி வழிகாட்டியோடு அங்கே போனார்.

புதன் மராகேஷில் ஹம்மாம் என்ற நீராவிக் குளியல், கறுப்புச் சோப்புப் போட்டுத் தேய்த்து விடுவார்கள். ஆர்கன் எண்ணெய் வாங்கினால் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். வியாழன் ரயிலில் காசாபிளாங்கா. மிஞ்சிய திர்ஹாமை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றிய பழைய இரசீதைக் கையில் வைத்திருங்கள். கோலாலம்பூரில் இறங்கியதும் கேஎல் சென்ட்ரல் போய் வடக்கே போகும் இடிஎஸ் ரயிலைப் பிடித்தால் வேலை முடிந்தது. சுங்கை சிப்புட்டில் எல்லா ரயிலும் நிற்காது, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஈப்போவில் இறங்கி யாரையாவது காரோடு வரச் சொல்ல வேண்டும்.